கட்டக்கோரையிலிருந்து ஃபுகோய்டன்: எடுக்கும் முறை, அளவு, மருந்தாகுமா? (விவாத இழை)

#1 தேங்காப்பட்டணம் கரை

நீரோடியிலிருந்து முட்டம் வரைக்கும் பாறை உள்ள இடமெல்லாம் ஐப்பசிக்குப் பிறகு கட்டக்கோரைங்கிற கடல்பாசி நிறையக் கிடக்குது. மகளிர் குழு ஒண்ணு காயவச்சு அரைச்சு விற்கலாமான்னு பார்க்குது. பாறசாலைப் பக்கத்து வியாபாரி சொல்றது இது: ஃபுகோய்டன் (பழுப்புப் பாசியில் இருக்கிற, சல்பேட் ஏறின சர்க்கரைச் சங்கிலி) 80 சதவீதம் இருந்தா மருந்து விலை, வெறும் தூளா இருந்தா உர விலை. கல்லூரி ஆய்வகம் ஒண்ணு இடம் தரும். சூடான நீர்த்தொட்டி, சென்ட்ரிஃப்யூஜ், ஸ்பெக்ட்ரோமீட்டர் எல்லாம் அங்க இருக்கு.

ஃபுகோய்டனை எப்படிப் பிரிக்கணும்? 80 சதவீதம் என்கிற எண்ணை யார் எப்படி அளக்கிறாங்க? சர்க்கரை, தைராய்டு, புற்று எல்லாத்துக்கும் கேட்கும்னு வாட்ஸ்அப்பில் சுத்துதே, அதில் எவ்வளவு நிஜம்? தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

#2 பாறைவழுக்கி

வேதியியலுக்கு முன்னாடி பாசியைப் பற்றிச் சொல்லிடறேன். பாதி ஆட்கள் தோற்கிறது இங்கதான்.

கட்டக்கோரைன்னு நம்ம கரையில் சொல்றது சர்காசம் இனங்கள். பெரும்பாலும் சர்காசம் வைட்டி. கூடவே டர்பினேரியாவும் வரும், ராமநாதபுரத்துக்காரங்க பக்கோடா பாசின்னு சொல்றது. இரண்டும் பழுப்புப் பாசி, இரண்டிலும் கூழாகிற ஆல்ஜினேட்டும் ஃபுகோய்டனும் உண்டு. ஆனா ஃபுகோய்டனின் கட்டமைப்பு இனத்துக்கு இனம் மாறும். கலந்து அரைச்சா ஒரு தொகுதியில் கிடைச்ச எண் அடுத்த தொகுதியில் கிடைக்காது. அறுக்கும்போதே பிரிச்சுப் போடுங்க. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு முழுச் செடியை அழுத்திக் காயவச்சு, இடமும் தேதியும் எழுதி வச்சுக்கணும். பின்னால "இது எந்த இனம்"னு யாராவது கேட்டா காட்ட அது ஒண்ணுதான் இருக்கும்.

கரையில் ஒதுங்கின பாசியைத் தொடவே வேண்டாம். அழுக ஆரம்பிச்சதும் பாக்டீரியா சர்க்கரைச் சங்கிலிகளைத் தின்ன ஆரம்பிச்சிடும். பாறையில் நிற்கிறதை, அமாவாசை பௌர்ணமி ஒட்டி ஓதம் நல்லா வற்றும் நேரத்தில், அடிப்பிடிப்பை விட்டுட்டு கத்தியால் அறுங்க. பிடுங்கினா அடுத்த வருஷம் அந்தப் பாறை மொட்டை. ஆனி ஆடிக் கடலில் பாறைமேல் இறங்கிற வேலையே வேண்டாம், அப்ப பாசியும் தேறாது.

ஆற்று முகத்துவாரத்தையும் துறைமுகத்தையும் விட்டு விலகி எடுங்க. குழித்துறை ஆறு தேங்காப்பட்டணத்திலும் நெய்யாறு பூவாரிலும் கடலில் சேருது. அங்கே சாக்கடையும் வரும், உப்பும் குறையும். பழுப்புப் பாசியின் ஆல்ஜினேட் ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களைப் பிடிச்சு வச்சுக்கும். படகு டீசலும் பெயின்ட்டும் கலக்கிற தண்ணியில் வளர்ந்தது மருந்துக்கு ஆகாது.

அப்புறம் கருமணல். மணவாளக்குறிச்சி, மிடாலம் பக்கம் மணலில் இல்மனைட், சிர்க்கான், கதிர்வீசும் தோரியம் உள்ள மோனசைட் எல்லாம் உண்டு. ஈரப் பாசியை மணலில் பரப்பிக் காயவச்சா அது இலை இடுக்கில் ஒட்டிக்கும், அரைச்சா தூளோட தூளாப் போயிடும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பழைய மீன்வலை கட்டி நிழலில் காயப்போடுங்க. முதல் அலசல் கடல்தண்ணியில், கடைசி அலசல் மட்டும் நல்ல வெள்ளத்தில் (உப்பில்லாத தண்ணி), அதுவும் சட்டுனு. நல்ல வெள்ளத்தில் ஊறவிட்டா செல் உடைஞ்சு சத்து கசியும். 10 கிலோ பச்சையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு கிலோ காய்ஞ்சது வரும். கையில் நொறுங்கணும், வளைஞ்சா இன்னும் காயலை.

மணல் போயிருக்கான்னு பார்க்க, 2 கிராம் தூளை எரிச்ச சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவச்சு வடிகட்டுங்க. கரையாம அடியில் நிற்கிறதில் பெரும்பாலும் மணல்தான்.

#3 ஆய்வக மேசை

100 கிராம் காய்ந்த தூளுக்குக் கணக்குச் சொல்கிறேன். அரை மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த தூள். மாவாக அரைக்காதீர்கள், வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

முதலில் நிறத்தையும் கொழுப்பையும் எடுக்க வேண்டும். 85 சதவீத எத்தனால் ஒரு லிட்டரில் 12 மணி நேரம் கலக்கி வடிகட்டுங்கள். இரண்டு மூன்று முறை, சாறு வெளிறும் வரை. பச்சையம், ஃபுகோசாந்தின் எனும் பழுப்பு நிறமி, மேனிட்டால் எனும் சர்க்கரை ஆல்கஹால், ஃப்ளோரோடானின் எனும் பழுப்புப் பாசி ஃபீனால்களில் ஒரு பகுதி இதில் போகும். இந்தப் படியைத் தவிர்த்தால் பிற்பாடு செய்யும் எல்லாச் சோதனையும் பொய் சொல்லும். ஏன் என்று கீழே வருகிறேன்.

சக்கையை 40 டிகிரியில் உலர்த்தி, 2 சதவீத கால்சியம் குளோரைடு கரைசல் 2 லிட்டரில் 65 முதல் 70 டிகிரியில் 3 மணி நேரம் கலக்குங்கள். வெறும் வெந்நீரில் எடுத்தால் ஆல்ஜினேட்டும் கரைந்து கொழகொழவென்று வரும். கால்சியம் இருந்தால் ஆல்ஜினேட் கால்சியம் உப்பாக இறுகிச் சக்கையிலேயே தங்கிவிடும், ஃபுகோய்டன் மட்டும் நீரில் இறங்கும். சிலர் 0.1 மோலார் அமிலத்தில் எடுக்கிறார்கள். மகசூல் கூடும், ஆனால் சங்கிலி அறுந்து சல்பேட்டும் கொஞ்சம் கழன்றுபோகும். சல்பேட்டை நம்பித்தான் இந்தப் பொருளின் குணமே இருக்கிறது, அதனால் எனக்கு அமிலம் பிடிக்காது.

மஸ்லின் துணியில் வடித்து, 5000 சுற்றில் 15 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ். சக்கையை இன்னொரு முறை அப்படியே எடுத்து இரண்டையும் சேருங்கள். 60 டிகிரிக்குக் கீழே வெற்றிடத்தில் ஒரு லிட்டராகக் குறுக்குங்கள்.

இப்போது எத்தனால் வீழ்படிவு. எல்லோரும் சறுக்கும் இடம். ஒரு லிட்டர் சாற்றை 30 சதவீதத்துக்குக் கொண்டுவர 95 சதவீத எத்தனால் சுமார் 460 மில்லி வேண்டும். குளிரில் 4 மணி நேரம் வைத்து, விழும் ஆல்ஜினேட் மிச்சத்தைப் பிரித்து எறியுங்கள். பிறகு 70 சதவீதத்துக்கு ஏற்ற, மொத்த எத்தனால் 2.8 லிட்டர் ஆக வேண்டும். அதாவது இன்னும் 2.34 லிட்டர். "70 சதவீதம்தானே" என்று லிட்டருக்கு 700 மில்லி ஊற்றுகிறவர்கள் உண்டு. அது 39 சதவீதம்தான். பாதி ஃபுகோய்டன் வடிநீரோடு போய்விட்டு, பாசியில் சரக்கே இல்லை என்று பழி வரும்.

இரவு முழுக்க 4 டிகிரியில் வைத்து, படிவை எடுத்து, கொஞ்சம் நீரில் கரைத்து, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் போட்டு, முதலில் உப்புக்கரைசல், பிறகு காய்ச்சி வடித்த நீர் என 48 மணி நேரம். உப்புக்கரைசல் எதற்கென்றால் ஒட்டியிருக்கும் கால்சியத்தைச் சோடியத்தால் மாற்ற. கடைசியில் உறைய வைத்து உலர்த்துதல்.

100 கிராமிலிருந்து 3 முதல் 5 கிராம் வந்தால் நல்ல வேலை. 12 கிராம் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே ஆல்ஜினேட்டும் உப்பும் உட்கார்ந்திருக்கும்.

#4 எல்லைக்கல்

எத்தனாலுக்குக் கலால் உரிமம் வேணுமே சார். சுய உதவிக் குழு லிட்டர் கணக்கில் வாங்கி வச்சா வேற வழக்காயிடும். 100 கிராம் பாசிக்கு மொத்தம் 5 லிட்டருக்கு மேல போகுதே.

#5 ஆய்வக மேசை

சரியான கேள்வி. உரிமம் உள்ள கல்லூரியின் பெயரில் மட்டும் வாங்குங்கள், அங்கேயே பயன்படுத்துங்கள், காய்ச்சி மீட்டுத் திரும்பப் பயன்படுத்துங்கள். நிறம் எடுக்கும் படிக்கு ஐசோபுரோபனால் வைக்கலாம், ஆனால் உண்ணும் பொருளானால் எஞ்சிய கரைப்பான் அளவைச் சோதித்துக் காட்ட வேண்டியிருக்கும். கலப்பட ஸ்பிரிட்டை எந்தப் படியிலும் தொடாதீர்கள், அதில் மெத்தனால் இருக்கலாம்.

#6 தேங்காப்பட்டணம் கரை

நன்றி சார். அப்போ அந்த 80 சதவீதம்?

#7 ஆய்வக மேசை

அந்த எண் எப்படி உண்டாகிறது என்று சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

வழக்கமான வழி ஃபீனால்-சல்ஃப்யூரிக் அமிலச் சோதனை, 490 நானோமீட்டரில் படிப்பது. அது எந்தச் சர்க்கரையையும் எண்ணும். ஆல்ஜினேட்டும் லாமினரின் என்ற இன்னொரு பாசிச் சர்க்கரையும் கலப்படத்துக்குப் போட்ட மாவும் அதில் ஏறும். "மொத்த கார்போஹைட்ரேட் 80" என்பதை "ஃபுகோய்டன் 80" என்று சீட்டில் எழுதிவிடுகிறார்கள்.

கேட்க வேண்டியவை நான்கு. ஃபுகோய்டனின் முக்கியச் சர்க்கரையான ஃபுகோஸ் எவ்வளவு. சல்பேட் எவ்வளவு. யூரோனிக் அமிலம் (ஆல்ஜினேட் கலந்தால் ஏறும்) எவ்வளவு. மூலக்கூறு எடை எந்த வரம்பு. இந்த நான்கும் இல்லாத சான்றிதழ் கிழித்துப்போட வேண்டியது. சர்காசத்தின் ஃபுகோய்டனில் ஃபுகோஸோடு கேலக்டோஸும் கணிசமாக இருக்கும் என்பதால், வடகடல் ஃபியூகஸ் பாசியின் எண்களை நம் பாசியிடம் எதிர்பார்க்கக் கூடாது.

சல்பேட்டைப் பேரியம் குளோரைடு-ஜெலட்டின் முறையில் அளக்கலாம். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், மூடிய குழாயில், 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே 5 மணி நேரம் சிதைத்து, கலங்கலை 360 நானோமீட்டரில் படியுங்கள். பொறி எங்கே என்றால், கடல்நீரிலேயே லிட்டருக்கு 2.7 கிராம் அளவில் சல்பேட் உண்டு. டயாலிசிஸ் சரியில்லை என்றால் அது ஃபுகோய்டன் கணக்கில் ஏறிவிடும். அதனால் சிதைக்காத மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டிக் கழியுங்கள்.

அகச்சிவப்பு நிறமாலை கிடைத்தால் அலை எண் 1250 பக்கத்திலும் 845 பக்கத்திலும் சல்பேட் தெரியும். 1610, 1415 இரண்டும் ஓங்கி நின்றால் ஆல்ஜினேட் போகவில்லை.

சந்தையில் வாங்கிய பொட்டலத்துக்கு ஒரு சின்னச் சோதனை: நீரில் கரைத்து அயோடின் ஒரு சொட்டு. கருநீலம் வந்தால் மாவு. பழுப்புப் பாசியில் ஸ்டார்ச் கிடையாது.

#8 மருந்துச்சீட்டு

மருந்துப் பக்கத்துக்கு வருவோம். கடல்பாசி மருந்தே இல்லை என்று சொல்கிறவர்களும் தப்பு, எல்லாம் தீரும் என்கிறவர்களும் தப்பு. ஏற்கெனவே மருந்துக்கடையில் இருப்பது நிறைய.

நெஞ்செரிச்சலுக்கு உணவுக்குப் பின் குடிக்கும் சோடியம் ஆல்ஜினேட் கரைசல் பழுப்புப் பாசியிலிருந்து வருகிறது. வயிற்று அமிலம் பட்டதும் ஆல்ஜினேட் கூழாகிறது, அதனோடு சேர்த்த பைகார்பனேட் வாயுக் குமிழிகளைத் தருகிறது, கால்சியம் அதை இறுக்குகிறது. அந்தக் கூழ் இரைப்பையில் உள்ளவற்றின் மேலே தெப்பம் போல மிதந்து, அமிலம் தொண்டைக்கு ஏறாமல் அடைக்கிறது. குடித்தவுடன் மேலே தண்ணீர் குடித்துக் கழுவிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

நீர் கசியும் புண்ணுக்குப் போடும் கால்சியம் ஆல்ஜினேட் கட்டு: புண்ணீரில் உள்ள சோடியம் கால்சியத்தோடு இடம் மாறி, நார் கூழாகிப் புண்ணை ஈரமாக வைக்கும். உலர்ந்த புண்ணில் போட்டால் பயனில்லை, ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது வலிக்கும். பல் அளவெடுக்கும் பொடியும் ஆல்ஜினேட்தான். சளிக்கு மூக்கில் அடிக்கும் ஐயோட்டா கராஜீனன் ஸ்பிரே சிவப்புப் பாசியிலிருந்து வருவது, வைரஸைச் சளிச்சவ்வில் ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

இவை எல்லாம் பட்ட இடத்திலேயே வேலை செய்கின்றன, ரத்தத்தில் கலக்க வேண்டியதில்லை. ஃபுகோய்டனுக்கு அங்கேதான் சிக்கல். அது ஹெப்பாரின் போலச் சல்பேட் ஏறிய பெரிய சங்கிலி, சோதனைக் குழாயில் ரத்தம் உறைவதைத் தாமதிக்கும். ஹெப்பாரினை ஊசியாகத்தான் போடுகிறோம், விழுங்கினால் குடல் உறிஞ்சாது. விழுங்கிய ஃபுகோய்டனும் மிகச் சொற்பமே ரத்தத்துக்குப் போகும். கிண்ணத்தில் வளர்த்த புற்றுச்செல்லின் மேல் மில்லிலிட்டருக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் ஊற்றிக் கொன்றதை, ஒரு ஸ்பூன் தூளைச் சாயாவில் கலக்கிக் குடிப்பதோடு முடிச்சுப் போடக் கூடாது.

ஆனாலும் ரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின், குளோபிடோக்ரல் எடுப்பவர்களும் அறுவைக்குத் தேதி வாங்கியவர்களும் இதைத் தொட வேண்டாம். பயன் சொற்பமாக இருக்கலாம், ரத்தக்கசிவில் பந்தயம் கட்ட வேண்டியதில்லை.

#9 கஞ்சிப்பாசி

மருந்துச்சீட்டு ஐயா, கொச்சி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே கடல்பாசியிலிருந்து மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் கடல்மீன் பெயரில் கேப்சூல் உருவாக்கியிருக்கே. அப்போ வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்? நம்ம கரையில் கஞ்சிப்பாசி போட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறதும் சும்மாவா?

#10 மருந்துச்சீட்டு

கஞ்சிப்பாசி, அதாவது கிரேசிலேரியா எடுலிஸ், சிவப்புப் பாசி. அகர் தருவது, நோன்பு நாட்களில் செய்யும் கடல்பாசி இனிப்பு அந்த வகை. நார்ச்சத்துள்ள உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். கட்டக்கோரை வேறு குலம். ஒன்றின் பழக்கத்தை மற்றதற்குச் சாட்சியாக இழுக்க முடியாது.

கொச்சி நிலையத்தின் கேப்சூல், தேர்ந்தெடுத்த பாசியிலிருந்து குறிப்பிட்ட பகுதியைப் பிரித்து, அளவு கட்டிய சாறு. துணை உணவாக விற்பது, மாத்திரையை நிறுத்திவிட்டு எடுப்பதற்கில்லை. அதற்கும் நாம் அரவை மில்லில் அரைக்கும் தூளுக்கும் சம்பந்தம், சிங்கோனா மரத்துக்கும் குவினைன் மாத்திரைக்கும் உள்ள சம்பந்தம்தான்.

பழைய கதை ஒன்று பொருந்தும். ஜப்பானில் டைஜீனியா என்ற சிவப்புப் பாசியைக் குடல் புழுவுக்குக் கொடுத்தார்கள். 1953-இல் அதிலிருந்து கைனிக் அமிலம் பிரிக்கப்பட்டது. புழுவை விரட்டியது அதுதான். அதே கைனிக் அமிலத்தை இன்று எலிக்குச் செலுத்தி வலிப்பு உண்டாக்கி நரம்பு ஆய்வு செய்கிறார்கள். இயற்கை என்ற பெயரை வைத்துத் தீங்கில்லை என்று எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

சீனாவில் பழுப்புப் பாசியிலிருந்து வந்த ஆலிகோமேனேட் என்ற மருந்து மறதி நோய்க்கு 2019-இல் நிபந்தனையோடு அனுமதி பெற்றது. அதன் பன்னாட்டுச் சோதனை 2022-இல் நிறுத்தப்பட்டது. இவ்வளவு தூரம் வந்ததே அப்படி நிற்கிறது.

#11 பாறைவழுக்கி

யாரோ மேலே வாட்ஸ்அப் என்றதால்: "சைட்டராபின் புற்றுமருந்து கடல்பாசியில் கிடைத்தது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது கரீபியக் கடல் பஞ்சு உயிரியைப் பார்த்துச் செய்தது. பஞ்சு விலங்கு, பாசி இல்லை.

#12 எல்லைக்கல்

தைராய்டுக்குப் பாசித்தூள் கொடுக்கலாமா? எங்க பக்கம் நிறைய பேர் கேட்கிறாங்க.

#13 மருந்துச்சீட்டு

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். அயோடின் உப்பில் விற்பனை நிலையில் குறைந்தது 15 பிபிஎம் (கிலோவுக்கு 15 மில்லிகிராம்), அதாவது 10 கிராம் உப்பிலேயே 150. இனி, ஒரு பாசித்தூளில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் அயோடின் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிராம் ஸ்பூனில் 500 மைக்ரோகிராம். காலை ஒன்று மாலை ஒன்று என்றால் 1000. அமெரிக்க உச்சவரம்பு 1100, ஐரோப்பிய வரம்பு 600. கூடுதல் அயோடின் தைராய்டைத் தூண்டவும் செய்யும், மந்தமாக்கவும் செய்யும். தைராக்ஸின் மாத்திரை எடுப்பவருக்கும் கர்ப்பிணிக்கும் தொகுதிக்குத் தொகுதி மாறும் தூளைக் கொடுப்பது டோஸ் தெரியாமல் மருந்து கொடுப்பது.

இன்னொன்று ஆர்சனிக். சர்காசம் குடும்பத்தைச் சேர்ந்த ஹிஜிகி பாசியில் கனிம ஆர்சனிக் அதிகம் என்று பிரிட்டன் உணவுத்துறை 2004-லேயே சாப்பிட வேண்டாம் என்றது. நம் சர்காசத்துக்கு "மொத்த ஆர்சனிக்" சீட்டு மட்டும் போதாது. பாசியில் ஆர்சனிக் பெரும்பாலும் சர்க்கரையோடு பிணைந்திருக்கும், அது அவ்வளவு நஞ்சில்லை. கனிம ஆர்சனிக்கைத் தனியாகப் பிரித்துச் சொல்லும் ஆய்வகத்திடம் கேளுங்கள்.

#14 ஆய்வக மேசை

ஃப்ளோரோடானின் பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கி. நிறமெடுக்காத சாற்றில் அது நிறைய இருக்கும். "ஃபுகோய்டனுக்கு ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு அபாரம்" என்ற பல முடிவுகளில், அதைச் சோதிக்கும் டிபிபிஹெச் கரைசலின் நிறத்தை வெளுத்தது இந்த ஃபீனால்தான். செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்டிடி சோதனையிலும் அது செல்லே இல்லாத குழியில்கூட ஊதா நிறம் வரவைக்கும். செல் இல்லாத குழியில் சாறு மட்டும் வைத்து ஒரு கட்டுப்பாடு ஓட்டாத கட்டுரையை நான் படிப்பதில்லை.

"எதிர்ப்புசக்தி கூடுது" என்பதில் இன்னொரு பேய் உண்டு. கடல் பாக்டீரியாவின் உறையில் உள்ள எண்டோடாக்சின் எனும் நச்சு துளி இருந்தாலே வெள்ளணு கொதிக்கும். எண்டோடாக்சினை முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்தும் அதே விளைவு நிற்கிறதா என்று பாருங்கள். போய்விட்டால் சந்தேகப்பட வேண்டியது பாக்டீரியாவைத்தான்.

ஒரு வேடிக்கை: வீக்கம் குறைக்கும் மருந்தை எலியில் சோதிக்க, பாதத்தில் 1 சதவீத கராஜீனன் 0.1 மில்லி ஊசி போட்டு வீங்கவைப்பார்கள். 1962 முதல் நடக்கும் முறை. ஆக, பாசிச் சாறு வீக்கத்தைக் குறைக்கிறது என்று நிரூபிக்க முதலில் வேறொரு பாசியால் வீங்கவைக்கிறார்கள்.

#15 எல்லைக்கல்

சட்டப் பக்கம் சுருக்கமா. சர்க்கரை, கழலை, ரத்த அழுத்தம், புற்று தீரும்னு விளம்பரம் செய்தா 1954 மருந்து மாய நிவாரண விளம்பரச் சட்டம் பிடிக்கும், லேபிளில் மட்டுமில்லை, நோட்டீஸிலும். வணிகத்துக்குப் பாசி எடுக்க 2002 பல்லுயிர்ச் சட்டப்படி மாநில வாரியத்துக்குத் தெரிவிக்கணும். தேங்காப்பட்டணத்தில் அறுத்தா சென்னை வாரியம், பூவாரில் அறுத்தா திருவனந்தபுரம். சரக்கு ஒரே லாரியில் போனாலும் தாள் இரண்டு.

#16 தேங்காப்பட்டணம் கரை

சோதனைக்கு 20 கிராம் போட்டுப் பார்த்தாச்சு. கால்சியம் குளோரைடு 2 சதவீதம்தான், 70 டிகிரி. ஆனா வடிகட்டவே முடியலை, கஞ்சி மாதிரி நிக்குது. கேன்டீன் மேடையில் இருந்த சோடா உப்பைப் போட்டு ஒருத்தர் பாசியைக் கழுவினாராம், நாத்தம் போக.

#17 ஆய்வக மேசை

அதுதான் காரணம், தம்பி. சோடா காரம். பாசியில் உள்ள ஆல்ஜினேட்டைச் சோடியம் உப்பாக்கிக் கரைத்துவிடும். ஆல்ஜினேட் தொழிற்சாலையே அப்படித்தான் எடுக்கிறது. அதோடு கார்பனேட் உங்கள் கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் பிடித்துக்கொண்டது. கஞ்சியில் இன்னும் 2 சதவீதம் கால்சியம் குளோரைடு சேர்த்து, குளிரில் இரவு முழுக்க வையுங்கள். கட்டி பிரிந்தால் துணியில் பிழிந்து மேலே போகலாம். பிரியவில்லை என்றால் அந்த 20 கிராமை விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை முதல் எத்தனால் படியிலேயே நாற்றம் போய்விடும். வேறு எதுவும் போட்டுக் கழுவ வேண்டாம்.

#18 தேங்காப்பட்டணம் கரை

சரி சார். சக்கையில் தங்கின ஆல்ஜினேட்டை வீணாக்காம எடுக்க வழி உண்டா?

#19 ஆய்வக மேசை

உண்டு, உங்கள் வருமானம் அதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஃபுகோய்டனைவிட ஆல்ஜினேட் பல மடங்கு வரும். சக்கையை 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கால்சியத்தைக் கழற்றுங்கள், கழுவுங்கள், பிறகு 2 சதவீத சோடியம் கார்பனேட்டில் 50 டிகிரியில் 2 மணி நேரம். இங்கே சோடா வேண்டும்! நீர் நிறைய ஊற்றி இளக்கினால்தான் வடியும். வடிந்ததில் எத்தனால் ஊற்றினால் நார்நாராகத் திரளும். 60 டிகிரிக்கு மேல் உலர்த்தாதீர்கள், பிசுபிசுப்பு குறைந்துவிடும், விலையைத் தீர்மானிப்பது அதுதான்.